சாக்குக்குள் ஓர் இரவு

விடியற்காலை மூன்று மணி. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. தில்லியில் ஆண்டு முழுக்கத் தேடினாலும் அகப்படாத அத்தனை நட்சத்திரங்களும் தலைக்கு மேல் இருந்தன. ஆனால் நான் தெப்பமாக நனைந்திருந்தேன்.

இடம், நாக் திப்பா. முசௌரிக்கு அப்பால், பந்த்வாரி என்ற கிராமத்திலிருந்து ஏற வேண்டிய மலை. உச்சி 3,022 மீட்டர். தில்லிக்காரர்கள் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி, திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கொட்டாவி விடுவதற்கு ஏற்ற தூரம். உச்சிக்குக் கீழே நாக தேவதைக்கு ஒரு சிறிய கோயில் உண்டு. அதை ஒட்டிய புல்வெளியில், அக்டோபர் மாதத்து இரவில், புதிதாக வாங்கிய ஒரு பைக்குள் படுத்திருந்தேன். கூடாரம் வேண்டாம், இது போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தண்ணீர் புகாது, அதே சமயம் மூச்சு விடும் துணி என்றும் சொல்லியிருந்தார். முதல் பாதி உண்மை. வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு சொட்டுகூட வெளியே போகவும் இல்லை.

வழிகாட்டியாக வந்த பந்த்வாரிக்காரர் கோயில் சுவரோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காய்ந்த சருகு போல உலர்ந்து தூங்கிக் கொண்டிருந்தார். என் முனகல் கேட்டு எழுந்து வந்தவர், டார்ச் அடித்துப் பையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "பாயி சாப், உங்களை நீங்களே வேகவைத்துக் கொண்டீர்கள்" என்றார். அவர் இட்லிப் பானையைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்திருக்கிறேன். மூடியைத் தூக்கினால் உட்புறம் முத்து முத்தாக நிற்குமே, அதே தண்ணீர்தான்.

தூங்கும் மனிதன் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலுமாக ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைச் சத்தமில்லாமல் வெளியே விடுகிறான். வீட்டில் அது ஜன்னல் வழியே போய்விடுகிறது. போக வழியில்லாத பைக்குள் அது குளிர்ந்த துணியைத் தொட்டவுடன் நீராகி, நம் மீதே இறங்கி வருகிறது. என் ஸ்லீப்பிங் பேக் வாத்தின் மென்சிறகு அடைத்தது. சிறகு நனைந்தால் உப்பல் அடங்கிவிடும். உப்பல் அடங்கினால் சூடும் போய்விடும். மீதி இரவை வழிகாட்டியின் இரண்டாவது கம்பளிக்குள் கழித்தேன். கம்பளிக்கு ஒரு குணம் உண்டு. தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகும், தொட்டால் ஈரம் தெரியாது. இமாசலத்தில் ஆடு மேய்க்கும் கத்தி இனத்தவர் கம்பளி அங்கியும், இடுப்பில் பல சுற்றுகள் சுற்றிய கம்பளிக் கயிறுமாகப் பாறை மறைவில் படுத்துத் தூங்குவதற்குப் பின்னால் தலைமுறைகளின் அனுபவம் இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரு கடைக்காரரின் வார்த்தை.

இந்தப் பைக்கு மலையேறிகள் வைத்திருக்கும் பெயர் பிவி சாக். பிவ்வாக் என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். அதன் வேர் ஜெர்மன் மொழி பேசும் சுவிஸ்காரர்களிடம் இருக்கிறது. ஊர்க்காவலுக்குத் துணையாக நிற்கும் இரவுக் காவல் என்பது பொருள். பிறகு படைவீரர்கள் கூடாரமில்லாமல் வெட்ட வெளியில் இரவு தங்குவதைக் குறித்தது. மொழிபெயர்ப்பாளனாக இதற்கு ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடி நிறையக் காகிதம் வீணடித்திருக்கிறேன். பாசறை என்று போடலாம். ஆனால் பாசறையில் கூடாரமும் அரசனும் விளக்கும் வந்துவிடுகின்றன. நெடுநல்வாடையில் வாடைக் காற்றடிக்கும் நள்ளிரவில் அரசன் புண்பட்ட வீரர்களைப் பார்க்கக் கிளம்புவது பாசறையில்தான். என் நிலைமைக்குப் பொருத்தமானவர்கள் அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வருகிற இடையர்கள்: வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்கு மந்தையை ஓட்டிப் போய், நனைந்து நடுங்கி, கையை நெருப்பில் காட்டுகிறவர்கள். கடைசியில் பிவி சாக்கு என்றே எழுதிவிட முடிவு செய்தேன். சாக்கு நமக்குப் பழக்கமான சொல். மழை பிடித்துக்கொண்டால் கோணிச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணியும் இந்த வம்சம்தானே.

ஐரோப்பிய மலைகளில் இதன் முன்னோடி ஆஸ்திரியாவின் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி. பனிச்சறுக்கு முன்னோடியான அவர் பெயரால் இன்றும் அங்கே இரண்டு பேர் சேர்ந்து தலைக்கு மேல் கவிழ்த்துக்கொள்ளும் துணிப் பையை அழைக்கிறார்கள். அன்றைய துணிகளின் சங்கடம் என்னுடைய சங்கடம்தான்: மழையைத் தடுத்தால் வியர்வையையும் தடுக்கும். அமெரிக்காவில் பாப் கோர் 1969ல் ஒரு வகை பிளாஸ்டிக்கை மெதுவாக இழுப்பதற்குப் பதில் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் கொண்ட படலம் கிடைத்தது. நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி நழுவிவிடக்கூடிய துளைகள். 1976ல் கோர்டெக்ஸ் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. பிவி சாக்கு உண்மையில் படுத்துத் தூங்கக்கூடிய பொருளானது அதன் பிறகுதான்.

வாரக் கடைசியில் மலையேறும் ஒரு சிலரின் பொழுதுபோக்குச் சாமானைப் பற்றி இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். 2024 ஜூன் முதல் வாரத்தில் உத்தரகாசி மாவட்டத்தின் சகஸ்திர தால் ஏரிப் பாதையில் 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. பெரும்பாலோர் கர்நாடகத்திலிருந்து வந்தவர்கள். 9 பேர் இறந்தார்கள். மற்றவர்களை மீட்டார்கள். அந்தச் செய்தியை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியவன் நான். வயதுகளைத் தட்டச்சு செய்யும்போது கை நின்றது. அறுபதைத் தாண்டியவர்களும் அதில் இருந்தார்கள்.

இன்றைய மலைப் பயணங்கள் எப்படி நடக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதன் பின்னணி புரியும். கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் கோவேறு கழுதையின் முதுகில் அடுத்த முகாமுக்குப் போய்விடும். அல்லது நேற்றைய முகாமிலேயே கிடக்கும். நடக்கிறவர் முதுகில் ஒரு சிறு பை: தண்ணீர், கடலைமிட்டாய், காமிரா, மழைச் சட்டை. வானம் தெளிவாக இருக்கும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. கழுதைக்கும் மனிதருக்கும் நடுவே நான்கு மணி நேர நடையும் ஒரு புயலும் வந்துவிட்டால், கூடாரம் இருந்தும் இல்லாத கணக்கு.

குளிரில் மனிதர் சாவதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி தேவையில்லை. நனைந்த உடை, காற்று, களைப்பு மூன்றும் சேர்ந்தால் ஐந்து டிகிரி செல்சியஸ் போதும். உடலின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது நடுக்கம், தடுமாற்றம், நாக்குழறல். அதற்கும் கீழே போனால் நடுக்கம் நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் தேறிவிட்டார் என்று நினைத்து நிம்மதி அடைவார்கள். உண்மையில் நிலைமை கைமீறும் நேரம் அது. காற்றையும் ஈரத்தையும் தடுக்கிற ஒரு மெல்லிய உறை இந்தக் கணக்கைப் பெரிய அளவில் மாற்றுகிறது. 1975 செப்டம்பரில் டக் ஸ்காட்டும் டூகல் ஹாஸ்டனும் எவரெஸ்ட் உச்சியை மாலையில் தொட்டுவிட்டு, இறங்க வழியில்லாமல் தெற்குச் சிகரத்தருகே சுமார் 8,750 மீட்டரில் பனியைக் குடைந்து இரவைக் கழித்தார்கள். ஸ்லீப்பிங் பேக் இல்லை. ஆக்சிஜனும் தீர்ந்து போயிற்று. காற்று படாத பொந்து இருந்தது. மறுநாள் விரல்கள் முழுசாக இறங்கி வந்தார்கள். அவர்கள் அசுரர்கள், நம்மைப் போன்றவர்கள் அல்ல என்பது வேறு விஷயம். ஆனால் காற்றின் விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

வாங்குவதைப் பற்றி இப்போது பேசலாம். முதலில் எதற்கு என்று முடிவு செய்ய வேண்டும். அவசரத்துக்கா, அன்றாடத் தூக்கத்துக்கா? அவசரத்துக்கு என்றால், அலுமினியம் பூசிய மெல்லிய பாலிதீன் பை ஒன்று உண்டு. சுமார் 100 கிராம்தான் எடை, உள்ளங்கையில் அடங்கும். மூச்சு விடாது. காலையில் ஈரமாகத்தான் எழுவீர்கள், ஆனால் எழுவீர்கள். இதில் மலிவு வகைகள் முதல் முறை பிரித்தவுடன் மடிப்பில் கிழிகின்றன. தடித்த ஆரஞ்சு பாலிதீன் பை இன்னும் உறுதியானது, தூரத்திலிருந்து தேடுகிறவர்கள் கண்ணிலும் படும்.

தூங்குவதற்கு என்றால் மூன்று ரகம். இருநூறு கிராம் அளவில் வருகிற மெல்லிய நைலான் உறைகள் பனித்துளியையும் காற்றையும் தடுக்கும், மழையைத் தடுக்காது. மேலே ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்கிறவர்களுக்கு இவை போதும். என் கட்சி இதுதான். அடுத்தது மேல்பக்கம் படலத் துணியும் அடிப்பக்கம் கெட்டியான பூச்சுத் துணியும் கொண்டது. அரை கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். கொட்டுகிற மழையில் தனியாகவே தாக்குப்பிடிக்கும். மூன்றாவது, தலைப்பக்கம் வளைகம்பி வைத்து முகத்துக்கு மேல் துணி படாமல் நிறுத்தியது. ஒரு கிலோவை நெருங்கும். அந்த எடையில், சில சமயம் அந்த விலைக்குக் குறைவாகவே, ஒருவர் படுக்கும் சிறிய கூடாரம் கிடைக்கிறது. பிறகு எதற்குச் சவப்பெட்டி போன்ற ஒன்றுக்குள் நுழைய வேண்டும் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. மிகக் குறுகிய பாறைத் திட்டில் படுக்கிறவர்களுக்கு வேண்டுமானால் நியாயம் உண்டு.

கடையில் பார்க்க வேண்டியது எண்களை மட்டும் அல்ல. தண்ணீர் தாங்கும் அளவை மில்லிமீட்டரில் போடுவார்கள். துணியின் மேல் எத்தனை உயரத்துக்கு நீர் நின்றால் கசியும் என்ற கணக்கு அது. மேல்துணிக்குச் சில ஆயிரம் போதும். உடம்பின் எடை முழுவதும் இடுப்பிலும் தோளிலும் அழுத்துவதால் அடித்துணிக்குப் பத்தாயிரம் அளவு இருந்தால் நல்லது. தையல்களின் மேல் உள்புறம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூச்சு விடும் துணியா என்று அறிய வாயை வைத்து ஊதிப் பார்ப்பதில் பயனில்லை. நானும் ஊதிப் பார்த்து ஏமாந்தவன்தான். நல்ல படலமும் காற்றை விடாது, ஆவியைத்தான் விடும்.

நாக் திப்பாவிலிருந்து திரும்பிய பிறகு வீட்டுச் சமையலறையில் செய்த சோதனையைச் சொல்கிறேன். டம்ளரில் பாதி வெந்நீர். வாயின் மேல் பையின் மேல்துணியை இழுத்து ரப்பர் பேண்டு போட வேண்டும். துணிக்கு மேலே குளிர்ந்த கண்ணாடித் தட்டு ஒன்றைச் சற்று இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டும். ஆவி கடக்கிற துணியானால் தட்டில் மூட்டம் படியும். என் பைக்குத் தட்டு பளிச்சென்று இருந்தது; துணியின் அடியில் இட்லி முத்துக்கள். அதே டம்ளரின் மேல் என் பழைய மழைச் சட்டையைப் போட்டபோது தட்டு மங்கியது. மனைவி இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை மட்டும் வாங்கிக் கழுவி வைத்தாள்.

அளவு விஷயத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். எடை குறைய வேண்டும் என்று உடம்போடு ஒட்டின பையை வாங்கினால், உள்ளே உள்ள ஸ்லீப்பிங் பேக் நசுங்கும். நசுங்கிய இடத்தில் சூடு நிற்காது. கடையிலேயே ஸ்லீப்பிங் பேக்கோடு நுழைந்து, குப்புறப் படுத்து, முழங்காலை மடக்கிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நீளம் உங்கள் உயரத்தைவிட ஒன்றரைச் சாணாவது கூடுதலாக இருக்கட்டும். காலடியில் ஷூவையும் தண்ணீர்ப் பாட்டிலையும் வைக்க இடம் வேண்டும். குளிர் மலைகளில் இரவு வெளியே வைத்த ஷூ காலையில் மரக்கட்டையாகிவிடும். ஜிப் உள்ளிருந்தும் ஒரு கையால் திறக்கும்படி இருக்க வேண்டும். தலைப்பக்கம் கொசுவலை வைத்த பைகள் கீழ்மலைகளுக்குத் தேவை.

எவ்வளவு நல்ல துணியானாலும் அது மந்திரம் அல்ல. உள்ளே வெதுவெதுப்பும் வெளியே வறண்ட குளிரும் இருந்தால்தான் ஆவி வேகமாக வெளியேறும். மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது அது எங்கே போகும்? உறைபனி இரவுகளில் ஆவி துணியைத் தாண்டுவதற்கு முன்பே உள்பக்கம் பனிப்பொடியாக உறைந்துவிடும். எனவே மூக்கும் வாயும் எப்போதும் வெளியே. குளிர் பொறுக்காமல் தலையை உள்ளே இழுத்து ஜிப்பை மூடுவதுதான் முதல் பாவம். அதனால் நனைவது ஒரு புறம்; ஆவி விடாத பைகளில் மூச்சுத்திணறலே வரலாம். தலைக்குக் கம்பளிக் குல்லாய், மூக்குக்கு மஃப்ளர். உள்ளே அடுப்போ கரிக்கணப்போ கூடவே கூடாது. மலைப்பிரதேசங்களில் மூடிய அறைக்குள் கணப்பு வைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடில் எழாமல் போனவர்கள் பற்றிய செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் என் மேஜைக்கு வருகிறது.

இடம் தேர்வதில்தான் பாதி வெற்றி. நட்சத்திரம் பார்த்துக்கொண்டே தூங்க வேண்டும் என்ற என் ஆசை அன்றைய ஈரத்துக்கு இன்னொரு காரணம். தெளிந்த வானத்தின் கீழ் துணி தன் சூட்டை வானத்துக்கே விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. உள்ளே ஆவி படிகிறது, வெளியே பனி படிகிறது. ஒரு தேவதாரு மரத்தின் கிளைக்கடியிலோ பாறை மறைவிலோ பத்தடி தள்ளிப் படுத்திருந்தால் இரண்டுமே குறைந்திருக்கும். பள்ளத்தில் குளிர்காற்று தண்ணீர் போல் வந்து தேங்கும். ஓடைக் கரையில் ஈரம் அதிகம். பள்ளத்துக்குச் சற்று மேலே, காற்று நேராக முகத்தில் அடிக்காத சரிவுதான் நல்ல இடம். பாறை மறைவு என்றால் மேலே உதிரும் கற்கள் உண்டா என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். தரையோடு போகும் சூடு அதிகம் என்பதால் பாய் அவசியம். பாய் பைக்குள் அடங்குமானால் உள்ளேயே போடலாம். இரவில் உருண்டு போகாது. நனைந்த உடையோடு உள்ளே நுழையாதீர்கள். காலையில் வெயில் வந்ததும் பையை உட்புறம் வெளியே திருப்பிக் காயப்போட்டுவிட்டுத்தான் டீ.

எல்லா இடத்துக்கும் இது ஏற்றது அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் தரையில் படுப்பது அட்டைகளுக்கு விருந்து வைப்பது. யானை நடமாடும் காட்டில் தரையோடு தரையாகக் கிடப்பது அதைவிட மோசம். அங்கே வனத்துறை அனுமதித்த குடில்களை விட்டு வேறு யோசனையே வேண்டாம். உத்தரகண்டில் புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்க அம்மாநில உயர் நீதிமன்றம் 2018ல் தடை விதித்தது. கூடாரம் இல்லையே, வெறும் பைதானே என்ற வாதம் புல்லுக்குப் புரியாது. இரண்டு நாள் விடாத மழையில் பிவி சாக்குக்குள் கிடப்பதும் பைத்தியம் பிடிக்கிற காரியம். உடை மாற்ற முடியாது, சமைக்க முடியாது, புத்தகம் படிக்க முடியாது.

என் அண்ணன் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். 2025 மே கடைசியில் ரூபின் கணவாய்க்குக் கிளம்பினாள். 4,650 மீட்டர், உத்தரகண்டில் ஏறி இமாசலத்தில் இறங்கும் வழி. வழியில் தில்லியில் ஒரு நாள் எங்கள் வீட்டில் தங்கினாள். பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டி எடை குறைக்கிற தலைமுறை. நான் நீட்டிய பாலிதீன் பையைக் கையில் எடை பார்த்தாள்.

"சித்தப்பா, டென்ட்டெல்லாம் அவங்களே கொண்டு வராங்க. இது எதுக்கு?"

"டென்ட் உன்கூட நடந்து வருமா?"

பதில் சொல்லவில்லை. சகஸ்திர தால் பற்றி நான் மொழிபெயர்த்த பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பிறகு பையை எடுத்து, எல்லாவற்றுக்கும் அடியில் வைக்கப் போனாள். அடியில் வேண்டாம், கை எட்டும் மேல் பாக்கெட்டில் வை என்றேன். நடுக்கம் வந்த பிறகு தேடக் கூடாது, நடுங்குவதற்கு முன்பே நுழைந்துவிட வேண்டும் என்றும், தரையில் உட்காராமல் முதுகுப் பையின் மேல் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே போனேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று.

பத்து நாள் கழித்து சாங்லாவிலிருந்து போன் வந்தது. கணவாயைத் தாண்டி இறங்கும்போது, குழுவில் இருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கழுதைகளும் கூடாரங்களும் முன்னே போய்விட்டன. மழையும் பனியும் கலந்து விழ ஆரம்பித்தது. ஆள் அனுப்பித் திரும்பி வர இரண்டேகால் மணி நேரம். அவருடைய நனைந்த சட்டையைக் கழற்றி, இவளுடைய ஸ்வெட்டரைப் போட்டு, பைக்குள் உட்கார வைத்து, முகம் மட்டும் வெளியே தெரியும்படி இழுத்துப் பிடித்துக்கொண்டு இவளும் இன்னொரு பெண்ணும் இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். வாயில் கடலைமிட்டாய் கொடுத்துக்கொண்டே இருந்தார்களாம். அவர் பழைய இந்திப் பாட்டுகளாகப் பாடிக்கொண்டிருந்தாராம். பாட்டில் வார்த்தை குழறுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னாள்.

பை ஒரு பக்கம் கிழிந்துவிட்டது, வேறு வாங்கித் தருகிறேன் என்றாள். எனக்கு வேண்டாம், உனக்கு ஒன்று வாங்கிக்கொள் என்றேன். இரண்டு வாங்கியிருக்கிறாள்.